முதலில் உடம்பு, அப்புறம் மூச்சு, கடைசியில்தான் தியானம்

கண்ணை மூடி உட்கார்ந்ததும் அடுப்பில் வைத்த பால், ஆபீசில் ஒருத்தர் சொன்ன சொல், பையனின் ஸ்கூல் பீஸ் எல்லாம் வரிசையாக வந்து நிற்கிறது, எனக்குத் தியானம் ஒத்து வராது என்று சொல்பவர்கள் நம் வேலூர்ப் பக்கம் நிறைய பேர். ஒத்து வராமல் இல்லை. நேராகக் கடைசிப் படிக்குப் போய்விடுகிறார்கள், அவ்வளவுதான். நாள் முழுக்க இறுகிக் கிடந்த தோளோடும் மேலோட்டமாக ஓடும் மூச்சோடும் உட்கார்ந்தால் மனம் எப்படி அடங்கும்? யோக சூத்திரத்தில் பதஞ்சலி சொல்லும் எட்டு அங்கங்களில் ஆசனம் மூன்றாவது, மூச்சுப் பயிற்சியான பிராணாயாமம் நான்காவது, தியானம் ஏழாவது. அந்த வரிசையையே இங்கேயும் பிடித்துக்கொள்கிறோம், ரொம்ப எளிய அளவில். மொத்தம் 20 நிமிடம் போதும்.

எப்போது, எங்கே

காலை 6 மணிக்கு முன்னால் என்றால் நல்லது. கத்திரி வெயில் நாட்களில் நம் ஊரில் மொட்டை மாடித் தரை இரவு எட்டு மணிக்குக்கூடச் சுடும், அதனால் சாயங்காலம் மாடியில் செய்யலாம் என்ற திட்டம் மே மாதத்தில் நடக்காது. கோட்டை அகழி ஓரமாகக் காலையில் நடக்கப் போகிறவர்கள் அங்கேயே ஒரு மரத்தடியில் செய்யலாம். வீட்டில் என்றால் மின்விசிறிக்கு நேர் கீழே வேண்டாம், கொஞ்சம் தள்ளிப் பாய் போடுங்கள். வயிறு காலியாக இருக்கட்டும். ஆம்பூர் பிரியாணியும் கத்திரிக்காய்த் தொக்கும் சாப்பிட்டிருந்தால் மூன்று மணி நேரமாவது போகட்டும், அதற்குள் குனிந்தால் எல்லாம் தொண்டைக்கு வரும்.

முதல் படி: உடம்பை அசைப்பது, 8 நிமிடம்

கோபமோ பயமோ வந்தால் அட்ரினலின் சுரக்கிறது, இதயம் வேகமாகத் துடிக்கிறது, தசைகள் இறுகுகின்றன. உடம்பு ஓடவோ சண்டை போடவோ தயாராகிவிட்டது, ஆனால் நாம் நாற்காலியில் உட்கார்ந்து தலையாட்டிக்கொண்டிருக்கிறோம். அந்த இறுக்கத்தை முதலில் அசைத்து விட வேண்டும். நினைவில் வைக்க வேண்டிய விதி ஒன்றுதான்: உடம்பு விரியும்போது மூச்சு உள்ளே, மடங்கும்போது வெளியே.

நேராக நில்லுங்கள், பாதங்களுக்கு நடுவே ஒரு சாண் இடைவெளி. மூச்சை இழுத்துக்கொண்டே கைகளைப் பக்கவாட்டில் தலைக்கு மேல் தூக்குங்கள், விட்டுக்கொண்டே இறக்குங்கள். இப்படி எட்டு முறை, அவசரமில்லாமல்.

அப்புறம் தோள்களைக் காது வரை தூக்கிப் பின்பக்கமாகச் சுழற்றி இறக்குங்கள், பத்து முறை. ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கம் ஷூ கம்பெனியில் தையல் மிஷினில் குனிந்தே இருப்பவர்களும் நாள் முழுக்கக் கம்ப்யூட்டர் முன்னால் இருப்பவர்களும் இதை இருபதாக ஆக்கிக்கொள்ளலாம், ஏனென்றால் அவர்களுடைய கவலை முழுக்கக் கழுத்தில்தான் உட்கார்ந்திருக்கும்.

அடுத்து உள்ளங்கைகளையும் கால் முட்டிகளையும் தரையில் ஊன்றி, மாடு நிற்பதுபோல் நில்லுங்கள். மூச்சை இழுக்கும்போது வயிறு கீழே தொங்கட்டும், தலை மேலே பார்க்கட்டும். விடும்போது முதுகை வளைத்து மேலே தூக்கி, தாடையை மார்புப் பக்கம் கொண்டுவாருங்கள். எட்டு முறை. மூட்டு வலி உள்ளவர்கள் நாற்காலியில் உட்கார்ந்து, தொடையில் கை வைத்துக்கொண்டு முதுகை மட்டும் இதேபோல் வளைத்து நிமிர்த்தினால் போதும், பலன் குறையாது.

மீதி நேரத்துக்கு மெதுவாக நடை. மூன்று அடிக்கு மூச்சு உள்ளே, ஐந்து அடிக்கு வெளியே. கூடம் சின்னதாக இருந்தால் அங்கேயே சுற்றுங்கள். ஏற்கெனவே சூரிய நமஸ்காரமோ மனவளக்கலை உடற்பயிற்சியோ கற்றவர்கள் அதையே செய்யலாம், ஆனால் எண்ணிக்கையை முடிக்கும் வேகத்தில் வேண்டாம்.

இரண்டாம் படி: மூச்சு, 5 நிமிடம்

தரையில் சம்மணம் போட முடிந்தால் சரி, முடியாவிட்டால் நாற்காலி. ஒரு கை நெஞ்சில், ஒரு கை வயிற்றில். வயிற்றில் உள்ள கைதான் அதிகம் அசைய வேண்டும். மூக்கு வழியாக நான்கு எண்ணும் வரை இழுங்கள், மூக்கு வழியாகவே ஆறு எண்ணும் வரை விடுங்கள். ஒரு எண்ணுக்கு ஒரு வினாடி என்றால் ஒரு சுற்று 10 வினாடி, நிமிடத்துக்கு ஆறு மூச்சு. சாதாரணமாகப் பெரியவர்கள் நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுகிறோம், இந்த ஆறு அதில் பாதி அல்லது அதற்கும் கீழே.

ஏன் விடுவது நீளமாக இருக்க வேண்டும்? மூச்சை இழுக்கும்போது இதயத் துடிப்பு சற்று வேகமாகிறது, விடும்போது மெதுவாகிறது. மூளையிலிருந்து நெஞ்சு வழியாக வயிறு வரை ஓடும் வேகஸ் நரம்பின் வேலை இது. நம்பிக்கை இல்லையென்றால் மணிக்கட்டு நாடியில் விரல் வைத்துக்கொண்டு மெதுவாக இழுத்து விட்டுப் பாருங்கள், இளவயதுக்காரர்களுக்கு நன்றாகவே தெரியும். விடும் நேரத்தை நீட்டினால் துடிப்பு மெதுவாக இருக்கும் நேரமும் நீளுகிறது, உடம்புக்கு 'ஆபத்து இல்லை' என்ற சேதி போகிறது.

நான்கும் ஆறும் மூச்சு முட்ட வைத்தால் மூன்றும் ஐந்துமாகக் குறையுங்கள். புதிதாகத் தொடங்குபவர்கள் நெஞ்சு நிறைய இழுத்து இழுத்து விட்டால்தான் பலன் என்று நினைக்கிறார்கள், அது வேண்டாம். அப்படிச் செய்தால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைந்து தலை சுற்றும், விரல் நுனி மரத்துப்போகும். அப்படி ஆனால் பயப்படாமல் எண்ணுவதை விட்டுவிட்டு வழக்கம்போல் மூச்சு விடுங்கள், சரியாகிவிடும்.

கோபம் தணியவில்லை என்றால் பிராமரி: வாயை மூடி 'ம்ம்ம்' என்று வண்டு ரீங்காரமாக மூச்சை விடுங்கள், ஐந்து முறை. வெயிலில் வந்து எரிச்சலாக இருந்தால் சீதளி: நாக்கைக் குழல்போல் மடித்து அதன் வழியே இழுத்து, மூக்கால் விடுவது. நாக்கு மடங்காதவர்கள் பல்லிடுக்கால் இழுக்கலாம். சளி, ஆஸ்துமா இருப்பவர்களுக்கும் புழுதி பறக்கும் ரோட்டோரத்திலும் சீதளி வேண்டாம், மூக்கு வடிகட்டுவதை வாய் வடிகட்டாது. வேகவேகமாக மூச்சு விடும் கபாலபாதி, பஸ்திரிகா, மூச்சை அடக்கும் கும்பகம் மூன்றையும் வீடியோ பார்த்துத் தொடங்காதீர்கள். கர்ப்பிணிகள், ரத்த அழுத்தம், இதய நோய், வலிப்பு உள்ளவர்கள் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

மூன்றாம் படி: சும்மா உட்காருவது, 7 நிமிடம்

இப்போது மூச்சை எண்ணிக் கட்டுப்படுத்தாமல் அதன் போக்கில் விட்டுவிடுங்கள். மூக்கு நுனியில் காற்று படுவதையோ வயிறு அசைவதையோ கவனித்து, ஒவ்வொரு முறை மூச்சு வெளியே போகும்போதும் ஒன்று, இரண்டு என்று பத்து வரை போய், மறுபடி ஒன்றிலிருந்து. மூன்றிலேயே மனம் எங்கோ போயிருக்கும். போனது தெரிந்ததும் 'கவலை', 'கோபம்', 'கணக்கு' என்று ஒரே சொல்லில் பெயர் வைத்துவிட்டு ஒன்றுக்குத் திரும்புங்கள். பயிற்சி என்பதே இந்தத் திரும்பல்தான், பத்து வரை போய்ச் சேர்வது இல்லை.

ஏதாவது ஒரு உணர்ச்சி விடாமல் நச்சரித்தால் அது உடம்பில் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். தொண்டை அடைக்கிறதா, நெஞ்சு கனக்கிறதா, வயிறு பிசைகிறதா? அதைச் சரிசெய்யப் போக வேண்டாம், காரணம் தேடவும் வேண்டாம். சிலருக்குக் கண்ணை மூடினாலே பழைய கெட்ட ஞாபகம் வரும். அவர்கள் கண்ணைத் திறந்தே வைத்துத் தரையைப் பார்க்கலாம், அல்லது மூச்சைக் கவனிப்பதை விட்டுவிட்டுச் சத்தத்தைக் கவனிக்கலாம்: காட்பாடிப் பக்கம் ரயில் ஹாரன், கோயில் மணி, பாங்கு, பால்காரர் வண்டி. அதுவும் தாங்கவில்லை என்றால் எழுந்து பாதத்தைத் தரையில் அழுத்தி நடந்துவிடுங்கள், அன்றைக்கு அது போதும்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இரண்டு வாரத்துக்கு மேல் மனம் சோர்ந்தே இருக்கிறது, தூக்கமில்லை, வாழவே பிடிக்கவில்லை என்றால் இந்தப் பயிற்சியை மட்டும் நம்பி இருக்காதீர்கள். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணுக்கு எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழிலும் பேசுவார்கள். நேரில் பார்க்க அடுக்கம்பாறை அரசு மருத்துவமனை இருக்கிறது. ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுபவர்கள் மனசு லேசாகிவிட்டது என்று தாங்களாகவே அதை நிறுத்தக் கூடாது.

நேரமில்லாத நாளில் எதை விடுவது? மூன்றாம் படியை விடுங்கள். பத்து நிமிடம்தான் கிடைக்கும் என்றால் ஐந்து நிமிடம் உடம்பு, ஐந்து நிமிடம் மூச்சு. சிஎம்சி ஆஸ்பத்திரி வராந்தாவில் நோயாளிக்குத் துணையாக டோக்கன் வரும் வரை காத்திருக்கிறவர்களுக்குப் பாயும் கிடையாது, தனிமையும் கிடையாது. பெஞ்சில் உட்கார்ந்தபடியே தோளை நாலு சுற்று சுற்றிவிட்டு, நாலுக்கு இழுத்து ஆறுக்கு விட்டால் பக்கத்தில் இருப்பவருக்குக்கூடத் தெரியாது.