2038 ஜனவரி 19-ஐத் தாண்ட: பழைய 32 பிட் லினக்ஸ் கருவிக்கு ஒரு செய்முறை

நான் பல ஆண்டுகளாகப் பராமரித்துவரும் ஒரு கருவி உண்டு. 32 பிட் ஆர்ம் சிப், அதில் லினக்ஸ், நிமிடத்துக்கு ஒருமுறை வெப்பநிலையைக் கோப்பில் எழுதும் ஒரு சி நிரல். ஒருநாள் அதன் கடிகாரத்தை 2038 ஜனவரி 19-க்கு நகர்த்திவைத்துப் பார்த்தேன். யுடிசி (உலகப் பொது நேரம்) 03:14:07 வரை பதிவுகள் ஒழுங்காக விழுந்தன. அதற்கு அடுத்த பதிவில் 1901 டிசம்பர் 13 என்று இருந்தது.

1970 ஜனவரி 1 முதல் கழிந்த நொடிகளை எண்ணிவருவது யூனிக்ஸ் வழக்கம். அந்த எண்ணிக்கையை வைத்திருக்கும் டைம்_டி என்ற சி மொழித் தரவுவகை 32 பிட் என்றால் 2,14,74,83,647-க்கு மேல் அதில் இடமில்லை. அடுத்த நொடி மைனஸில் போய் விழுகிறது. டைம்_டியை 64 பிட்டாக்கினால் தீர்ந்தது என்று நினைத்துத்தான் இறங்கினேன். ஆனால் வேலை முழுக்க அந்த எண் கைமாறும் இடங்களில் இருந்தது: கெர்னலிலிருந்து (இயங்குதளத்தின் மையப்பகுதி) லைப்ரரிக்கு (நிரல்கள் பகிர்ந்து பயன்படுத்தும் தொகுப்பு), லைப்ரரியிலிருந்து நிரலுக்கு, நிரலிலிருந்து கோப்புக்கு.

அடியிலிருந்து தொடங்குங்கள். 32 பிட் கருவிகளுக்கான 64 பிட் நேர சிஸ்டம் கால்கள் (நிரல் கெர்னலிடம் வேலை கேட்கும் அழைப்புகள்) லினக்ஸ் 5.1-இல் (2019) வந்தன. மிச்ச வேலைகள் முடிந்து 2038-ஐத் தாண்டத் தயாரானது 5.6 (2020). அதற்கு மேல் சி லைப்ரரி: ஜிலிப்சி என்றால் குறைந்தது 2.34 பதிப்பு, மஸ்ல் என்றால் குறைந்தது 1.2.0 பதிப்பு இருக்க வேண்டும். இதில் ஒரு பொறி இருக்கிறது. புதிய ஜிலிப்சியைப் பழைய 4.x கெர்னல்மேல் ஏற்றினால் கம்பைல் ஆகும், ஓடவும் செய்யும். புதிய கால்கள் கெர்னலில் இல்லையென்று கண்டதும் லைப்ரரி சத்தமில்லாமல் பழைய 32 பிட் கால்களுக்கே இறங்கிவிடும். ஆகவே முதலில் கெர்னல், பிறகுதான் மற்றவை.

மஸ்லில் மறுபடி கம்பைல் செய்தாலே டைம்_டி 64 பிட்டாகிவிடும். ஜிலிப்சியில் நீங்கள் கேட்டு வாங்க வேண்டும்: _டைம்_பிட்ஸ்=64, _ஃபைல்_ஆஃப்செட்_பிட்ஸ்=64 என்று இரண்டு மேக்ரோக்களையும் சேர்த்தே கொடுங்கள். முதலாவதை மட்டும் கொடுத்தால் கம்பைலர் பிழை காட்டி நின்றுவிடும்.

நான் சறுக்கியது இதற்கு அடுத்த படியில். முதன்மை நிரலை மட்டும் புதிதாகக் கம்பைல் செய்துவிட்டு, சென்சாரை வாசிக்கும் லைப்ரரியை அப்படியே விட்டுவிட்டேன். இரண்டும் ஒரு ஸ்ட்ரக்டை (பல மதிப்புகளை அடுத்தடுத்து வைக்கும் கட்டு) பகிர்ந்துகொண்டன: சென்சார் எண், நேரம், அளவு. பழைய கணக்கில் அது 12 பைட். நேரம் 8 பைட்டானபோது ஆர்ம் அதை 8-இன் மடங்கில்தான் வைக்கும் என்பதால் ஸ்ட்ரக்ட் 24 பைட்டாகிவிட்டது. பழைய லைப்ரரி 8-ஆவது பைட்டில் வெப்பநிலையை எழுதியது. புதிய நிரல் அதே 8-ஆவது பைட்டை நேரம் என்று வாசித்தது. 28 டிகிரி என்ற அளவு, 1970 ஜனவரி 1 நள்ளிரவு கழிந்த 28-ஆவது நொடியாகத் தெரிந்தது. கம்பைலரும் லிங்கரும் ஒரு எச்சரிக்கைகூடத் தரவில்லை. டெபியன் என்ற லினக்ஸ் வெளியீடு 2024-இல் ஆர்ம்எச்எஃப் போன்ற 32 பிட் வகைகளை மாற்றியபோது, பாதிக்கப்பட்ட லைப்ரரி பொதிகளின் பெயரோடு 'டி64' என்று ஒட்டியது இதற்காகத்தான்: பழையதும் புதியதும் தெரியாமல் கலந்துவிடக் கூடாது. உங்கள் லைப்ரரிகளின் ஹெட்டர்களில் டைம்_டி, டைம்வால், டைம்ஸ்பெக், ஸ்டாட் ஆகியவற்றைத் தேடுங்கள். எதில் அகப்பட்டாலும் அந்த லைப்ரரியும் அதைப் பயன்படுத்தும் எல்லா நிரல்களும் ஒரே நாளில் மாற வேண்டும்.

அடுத்து உங்கள் சொந்த நிரல்வரிகள். நேரத்தை இன்ட்டிலோ லாங்கிலோ போட்டுவைத்த இடங்களை -டபிள்யூகன்வர்ஷன் காட்டிக்கொடுக்கும். %எல்டி கொண்டு அச்சிட்ட இடங்களை -டபிள்யூஃபார்மட் பிடிக்கும். அச்சிடும்போது லாங் லாங்குக்கு மாற்றி %எல்எல்டி போடுங்கள். இரண்டு நேரங்களைக் கூட்டி இரண்டால் வகுத்துச் சராசரி எடுக்கும் பழக்கமும் சிலருக்கு உண்டு. 32 பிட்டில் அந்தக் கூட்டல் 2004 ஜனவரி 10-இலேயே வழிந்துவிட்டது; 2038 வரை காத்திருக்கவில்லை. குறியில்லா 32 பிட்டாக மாற்றி 2106 வரை ஓட்டலாமே என்று கேட்பவர்களுக்கு நான் வேண்டாம் என்றே சொல்வேன். 1970-க்கு முந்தைய தேதிகள் போய்விடும், பிழையைக் குறிக்கும் -1 ஒரு நிஜ நேரமாகிவிடும்.

கோப்புகளைத் தனியாகக் கவனியுங்கள். 64 பிட் கணினி வைத்திருப்பவர்களுக்கும் இது பொருந்தும். இஎக்ஸ்டி4 கோப்பு முறைமையில் ஐநோடு (கோப்பின் விவரங்களை வைக்கும் பதிவு) 256 பைட் என்றால் நேரம் 2446 வரை போகும், 128 பைட் என்றால் 2038-தான். சிறிய பார்ட்டிஷன்களுக்குப் பழைய ஃபார்மட் கருவிகள் 128-ஐத் தருவது வழக்கம். டியூன்2எஃப்எஸ் -எல் போட்டுப் பாருங்கள். நான் பிரதி எடுத்துவிட்டுப் புதிதாக ஃபார்மட் செய்தேன். எக்ஸ்எஃப்எஸ் கோப்பு முறைமைக்கு லினக்ஸ் 5.10 முதல் பிக்டைம் வசதி உண்டு, அது 2486 வரை செல்லும். மைஎஸ்க்யூஎல் அட்டவணையில் டைம்ஸ்டாம்ப் வகை இருந்தால் டேட்டைம் வகைக்கு மாற்றுங்கள்.

ஸ்ட்ரக்டை அப்படியே கோப்பில் கொட்டும் பழக்கத்தை இத்தோடு விட்டுவிடுங்கள். என் புதிய பதிவுக்கோப்பின் தலைப்பில் ஒரு பதிப்பு எண் இருக்கிறது. எண் 1 என்றால் இன்ட்32 என்று வெளிப்படையாக வாசிக்கிறேன், 2 என்றால் இன்ட்64. டைம்_டி என்ற பெயரே கோப்பு எழுதும் பகுதியில் இல்லை.

சோதனையை ஓடிக்கொண்டிருக்கும் கருவியில் செய்யாதீர்கள். கடிகாரம் முன்னே போனதும் சான்றிதழ்கள் காலாவதியாகும், பழைய லாக்குகள் அழிக்கப்படும். க்யூஎம்யூ என்ற போலிக்கணினி நிரலில் -ஆர்டிசி பேஸ் மூலம் 2038-01-19 03:10 என்று கொடுத்துத் தொடங்குங்கள். கெர்னலில் கான்ஃபிக்_காம்பாட்_32பிட்_டைம் அணைத்திருக்கட்டும். பழைய கால்களை இன்னும் கூப்பிடும் நிரல்கள் உடனே பிழையோடு நின்று தங்களைக் காட்டிக்கொடுக்கும். நான்கு நிமிடத்துக்குச் சற்று மேல் காத்திருந்து எல்லையைக் கடக்க விடுங்கள், பிறகு 2040-இல் ஒருமுறை மறுதொடக்கம் செய்யுங்கள். 2036 பிப்ரவரி 7-க்கும் ஒரு சோதனை வையுங்கள். வலையமைப்பு வழியாகக் கடிகாரத்தைச் சரிசெய்யும் என்டிபியின், 1900-இலிருந்து எண்ணிவரும் 32 பிட் நொடி எண்ணி அன்று சுழியத்துக்குத் திரும்பும். கடைசியாக, கடந்தபின் எழுதிய பதிவையும் நீங்கள் பத்திரப்படுத்திய பழைய பதிவையும் ஒரே நிரலில் அடுத்தடுத்துத் திறந்து, தேதிகளை வரிவரியாக ஒப்பிடுங்கள்.