டார்க் சோல்ஸ் பழக்கத்தோடு செகிரோவுக்குள் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

ஜப்பானிய கேம் ஸ்டுடியோ ஃப்ரம்சாஃப்ட்வேர் 2019 மார்ச்சில் செகிரோ என்ற வாள்சண்டை வீடியோ கேமை வெளியிட்டபோது, அதில் திணறியவர்களில் அதே ஸ்டுடியோவின் முந்தைய கேமான டார்க் சோல்ஸைக் கரைத்துக் குடித்தவர்களும் உண்டு. காரணம் அவர்கள் விரல்தான். உருண்டு விலகு, இரண்டு வெட்டு வெட்டு, ஸ்டாமினா (வெட்டவும் உருளவும் செலவாகும் தெம்பு) ஏறும்வரை தள்ளி நில்: இந்தப் பழக்கம் இங்கே செல்லாது.

செகிரோவில் ஸ்டாமினாவே கிடையாது. எதிரியின் வாள் மேலே படும் நேரத்தில் சரியாக பிளாக் பட்டனைத் தட்டினால் டங்கென்று தீப்பொறி பறக்கும். அவன் எவ்வளவு நிலைகுலைந்திருக்கிறான் என்று காட்டும் பாஸ்ச்சர் பட்டை ஏறும். அது நிரம்பிவிட்டால், உயிர் பாதி மிச்சமிருந்தாலும் ஒரே குத்தில் சாய்க்கலாம். (பாஸ் எனப்படும் முக்கிய எதிரிகளில் பெரியவர்களை இரண்டு, மூன்று முறை சாய்க்க வேண்டியிருக்கும்.) மூச்சு வாங்க விலகினால் பட்டை இறங்கிவிடும். அஷினா கோட்டை உச்சியில் கெனிசிரோ என்ற பாஸிடம் மணிக்கணக்காகச் சாகிறவர்களைக் கவனியுங்கள். பெரும்பாலும் ஓடிக்கொண்டே இருப்பார்கள். அவனோ தூரத்திலிருந்து அம்பு விடுவான். ஒட்டி நின்று வாளோடு வாள் மோதினால்தான் வேலை நடக்கும்.

லெவல் ஏற்றிக்கொண்டு வந்து பாஸை அடிக்கலாம் என்பது அடுத்த தப்புக்கணக்கு. இங்கே உயிர்ப் பட்டை நீள, கேமில் கிடைக்கும் ஜெபமணிகள் 4 சேர வேண்டும். சில்லறை எதிரிகளை நாள் முழுக்க வெட்டினால் திறன் புள்ளிகள் கிடைக்கும், உயிர்ப் பட்டை ஒரு நூல் நீளாது.

டீசரைப் பார்த்து நாமே பெயர் சூட்டுவது இன்னொன்று. 2017 டிசம்பரில் கேமின் பெயரில்லாமல் வந்த செகிரோவின் சில நொடி டீசரைப் பார்த்து, இதே ஸ்டுடியோவின் பிளட்போர்ன் கேமுக்கு அடுத்த பாகம், 'பிளட்போர்ன் 2' என்று முடிவுகட்டியவர்கள் ஏராளம். வராத கேமுக்காக ஏமாந்தால் ஸ்டுடியோ என்ன செய்யும்?

ஸ்டுடியோ "பாதை மாறிட்டாங்க" என்ற புலம்பலும் அதன் வரலாறு தெரியாமல் வருவதுதான். அவர்கள் 1994இல் வெளியிட்ட கேம் கிங்ஸ் ஃபீல்ட், 1997இல் ராட்சத ரோபோக்கள் மோதும் ஆர்மர்ட் கோர். டார்க் சோல்ஸ் அடங்கிய சோல்ஸ் வரிசை 2009இல்தான் தொடங்கியது. செகிரோவே முதலில் டென்சு என்ற பழைய நிஞ்சா தொடரின் அடுத்த பாகமாக யோசிக்கப்பட்டதுதான்.

இதற்காக, பிடிக்கவில்லை என்பவரையெல்லாம் "ஆடத் தெரியாதவன்" என்று மட்டம் தட்டுவதும் தவறுதான். மந்திரம், ஈட்டி, கோடாரி என்று தனக்கேற்ற பில்ட் (ஆயுதமும் திறன்களும் சேர்ந்த தேர்வு) அமைத்து டார்க் சோல்ஸ் ஆடியவருக்கு இங்கே கையில் ஒரே வாள். மாட்டிக்கொண்டால் உதவிக்கு இன்னொரு பிளேயரைக் கூப்பிடவும் வழியில்லை. அது நிஜமான இழப்பு. அதைச் சொல்ல அவருக்கு உரிமை உண்டு.