மலை ரயிலில் நகைப்பையைக் காணாமல் போகச் செய்வது எப்படி

நீலகிரியில் நடக்கிற மாதிரி ஒரு திருட்டுக் கதை எழுத உட்கார்ந்தால் கை முதலில் பனிமூட்டத்துக்குத்தான் போகும். மூட்டம் இறங்கியது, விலகியது, பையைக் காணோம். தயவுசெய்து இப்படி எழுதாதீர்கள். விளக்கை அணைத்துவிட்டுக் காசை மறைக்கிறவனுக்கு யார் கை தட்டுவார்கள்?

இதற்கு வால்டர் கிப்சனைப் பிடித்துக்கொள்ளலாம். 1897-ல் பிலடெல்பியாவில் பிறந்த மேஜிக்காரர், ஹௌடினி, தர்ஸ்டன் போன்ற பெரிய கைகளுக்காகப் புத்தகம் எழுதிக் கொடுத்தவர். 1931-ல் தொடங்கிய 'தி ஷேடோ' என்ற துப்பறியும் கதை வரிசையில் வந்த 325 நாவல்களில் 282 இவர் எழுதியவை. மாதத்துக்கு இரண்டு என்று தள்ளிய காலமும் உண்டு (நம்ம ஊர் மாத நாவல்காரர்களே அசந்துபோவார்கள்). மேக்ஸ்வெல் கிராண்ட் என்ற புனைபெயரைக்கூட மேஜிக் சாமான் விற்ற இரண்டு பேரின் பெயர்களிலிருந்துதான் எடுத்தார்.

சரி, ஒரு ஐந்து ரூபாய் காசை எடுங்கள். இடது கை விரல்நுனியில் பிடித்துக்கொண்டு, வலது கையால் அதை வாங்குவதுபோல் கொண்டுபோங்கள். வலது கை விரல்கள் காசை மறைத்த அந்த நொடியில் அதை இடது உள்ளங்கையில் விழ விட்டுவிட்டு, வெறும் வலது கையை மூடி நகர்த்துங்கள். உங்கள் கண்ணும் அதோடு போக வேண்டும், இடது கையை ஒருமுறை பார்த்தீர்களோ, கதை முடிந்தது. வலது கையை ஊதித் திறக்கும்போதுதான் ஏதோ நடப்பதாகப் பார்ப்பவர் நினைக்கிறார், வேலை அதற்கு முன்பே முடிந்துவிட்டது.

இதை அப்படியே மேட்டுப்பாளையத்தில் ரயிலேற்றுங்கள். குன்னூரில் நீராவி எஞ்சினைக் கழற்றி டீசல் எஞ்சின் மாட்டுவார்கள், பாதிப் பேர் போன் தூக்கிக்கொண்டு இறங்கிவிடுவார்கள். அந்தக் கூச்சலில்தான் நகையோடு வந்த பெரியவர் பையைத் திறந்து அலற வேண்டும். வாசகர் குன்னூர் பிளாட்பாரத்தையே சல்லடை போட்டுத் தேடுவார். ஆனால் பை மாறியது குன்னூருக்கு முன்பே, ஹில்குரோவ் ஸ்டேஷனில், எஞ்சினுக்குத் தண்ணீர் பிடித்தபோது, ஒரு குரங்கு யார் கையிலிருந்தோ வடையைப் பிடுங்க எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்த நேரத்தில். குரங்கை மறைக்காதீர்கள், ஒரே வரியில் சொல்லிவிட்டு நகருங்கள். அப்புறம், குன்னூர் வருவதற்குள், காட்டேரி ஸ்டேஷன் பக்கம் வரும்போது பெரியவர் ஒருமுறை பையைத் தட்டிப் பார்த்துக்கொள்ளட்டும். அது வேறு பை. நகை இன்னும் பத்திரமாக இருக்கிறது என்று வாசகரை நம்பவைப்பது அந்த ஒரு தட்டுதான், இங்கே அதுதான் மூடிய வலது கை.

எழுதும் வரிசையும் இதற்கேற்ப இருக்க வேண்டும். உண்மையில் நடந்ததை முதலில் ஒரு தாளில், எந்த ஸ்டேஷனில் யார் எங்கே இருந்தார்கள் என்பதோடு எழுதிக்கொள்ளுங்கள். கிப்சனும் அத்தியாயச் சுருக்கம் போட்டுக்கொண்டுதான் தட்டச்சில் உட்கார்ந்தார், இல்லாவிட்டால் அந்த வேகம் வராது. வாசகர் பார்க்கப்போவதை இரண்டாவது தாளில் எழுதுங்கள். முதல் தாளில் உள்ள எல்லாவற்றுக்கும் இரண்டாவதில் ஒரு வரியாவது இருக்கிறதா என்று சரிபாருங்கள், இல்லாதது ஏமாற்று.

திருடனை மட்டும் வழியில் இறக்கிவிடாதீர்கள். அவனும் குன்னூரில் சீட்டுக்கு அடியில் குனிந்து தேடட்டும், பெரியவருக்குத் தண்ணீர் வாங்கிக் கொடுக்கட்டும், ஊட்டிவரை கூடவே போகட்டும்.