லேப்டாப்போடு குமரிக்குப் போகிறவர்களுக்கு

இப்போதெல்லாம் வெளிநாட்டிலிருந்து மொத்தமாக லீவு போட்டுவிட்டு கன்னியாகுமரி மாவட்டத்து ஊருக்குப் போகிறவர்கள் குறைவு. இரண்டு வாரம் லீவு, இரண்டு வாரம் அங்கிருந்தே வேலை என்று கணக்குப் போட்டுத்தான் நாகர்கோவிலுக்கும் தக்கலைக்கும் மார்த்தாண்டத்துக்கும் கிளம்புகிறார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் சரியாகச் செய்யாவிட்டால் டீமில் இருப்பவர்களுக்கும் வருத்தம், சொந்தக்காரர்களுக்கும் வருத்தம். உங்களுக்கு நேரமில்லை என்றால் இரண்டு பக்கமும் பொறுத்துக்கொள்வார்கள். அதை முன்கூட்டியே சொல்லவில்லை என்றால்தான் மனசு விட்டுப்போகும்.

முதலில் ஆபீஸ் பக்கம். மேலாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள், சில நிறுவனங்கள் தங்கள் கணினியை வேறு நாட்டில் திறக்க விடுவதில்லை. வெளிநாட்டுக் குடியுரிமை எடுத்தவர்கள் விசாவையும் பார்த்துக்கொள்ளுங்கள், சுற்றுலா விசா வேலை செய்வதற்கானது அல்ல. அப்புறம் நேரம். லண்டனில் காலை 9 மணி என்பது கோடையில் நம் ஊரில் மதியம் 1.30, குளிர்காலத்தில் 2.30. டொராண்டோவில் 9 மணி என்றால் இங்கே மாலை 6.30 அல்லது 7.30. சிட்னிக்காரர்கள் பாடு வேறு, அங்கே 9 மணி ஆகும்போது இங்கே விடிந்திருக்காது, 4.30, அவர்களுடைய கோடையில் 3.30. இந்தியாவில் கடிகாரத்தை மாற்றுவதில்லை என்பதால் மார்ச்சிலோ அக்டோபர், நவம்பரிலோ போகிறவர்களுக்குப் பாதிப் பயணத்தில் எல்லா மீட்டிங்கும் ஒரு மணி நேரம் முன்னாலோ பின்னாலோ மாறிவிடும். கனடாவிலிருந்து வருகிறவர்கள் எட்டு மணி நேர வேலையையும் இங்கே இருந்து பார்க்க நினைக்காதீர்கள். ராத்திரி 2.30 வரை விழித்திருந்துவிட்டு காலையில் கல்யாண வீட்டில் சிரித்த முகத்தோடு நிற்க முடியாது. நான்கு மணி நேரம் கேட்டு வாங்குங்கள், மீதிக்கு லீவு போடுங்கள்.

டீமுக்கு நாட்களையும் முன்னாடியே சொல்லிவிடுங்கள். கோட்டாறு சவேரியார் திருவிழாவுக்காக டிசம்பர் 3, சுசீந்திரம் மார்கழித் தேரோட்டம், மாசி 20 அய்யா வைகுண்டர் அவதார தினம், மண்டைக்காடு அம்மன் கோவில் கொடை (திருவிழா) இதெல்லாம் மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை. மற்ற ஊர்க்காரர்களுக்குத் தெரியாது. உங்கள் ஊர்க் கோவில் கொடையா, பக்கத்துச் சர்ச் திருவிழாவா, ஸ்பீக்கர் எந்த நாள் கட்டுகிறார்கள் என்றும் வீட்டில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், அன்றைக்கு முக்கியமான போன் கால் வேண்டாம். மின்வாரியத்தின் பராமரிப்பு மின்தடையை முந்தின நாளே பேப்பரில் போடுவார்கள். வீட்டு இணைப்பு ஒரு கம்பெனி என்றால் போனில் வேறு கம்பெனி சிம் இருக்கட்டும்.

இனி வீடு. இங்கேதான் கவனம் அதிகம் வேண்டும், ஏனென்றால் ஒரு திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது பாட்டாவுக்கும் (தாத்தா) ஆச்சிக்கும் வேலையாகத் தெரியாது, தெரிய வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் நியாயமில்லை. போன முதல் நாளே, எல்லாரும் கூடியிருக்கும்போது, “சாயங்காலம் ஆறரையிலேருந்து பத்தரை வரைக்கும் எனக்கு ஆபீஸ், மத்த நேரமெல்லாம் உங்ககூடத்தான்” என்று சொல்லுங்கள். அறைக் கதவைச் சாத்திக்கொள்ளுங்கள். மாலையில்தான் ஆட்கள் வருவார்கள், ஒரு சீப்பு மட்டிப்பழத்தோடு, சொல்லாமல். அது நம் ஊரின் நல்ல பழக்கம், அதை மாற்றச் சொல்லாதீர்கள். மைனியிடமோ (அண்ணி) சித்தியிடமோ சொல்லி வைத்தால் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். ஆனாலும் இரண்டு மீட்டிங்குக்கு நடுவே ஐந்து நிமிடம் வெளியே வந்து, உட்கார்ந்து, ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டுப் பேசுங்கள். “நாளைக்குக் காலையில நானே வீட்டுக்கு வாறேன் மாமா” என்றால் கண்டிப்பாகப் போங்கள். காதில் ஹெட்போனோடு தலையை மட்டும் ஆட்டுவதைவிட வெளியே வராமலே இருந்துவிடலாம்.

வீடு வீடாகப் போவதில் ஒரு வரிசை உண்டு. நீங்கள் போன தடவை வந்ததற்குப் பிறகு யார் வீட்டில் சாவு நடந்தது என்று அம்மாவிடம் கேட்டு, அந்த வீடுகளுக்கு முதலில் போங்கள். சாக்லேட் பையோடு போகக்கூடாது, வேறு சந்தோஷமான வீட்டுக்குப் போகிற வழியில் எட்டிப் பார்க்கவும் கூடாது. புறப்படும்போது “போயிட்டு வாறேன்” என்று சொல்லாமல் எழுந்து வர வேண்டும். வெளிநாட்டிலேயே பிறந்த பிள்ளைகளுக்கு இதைக் காரிலேயே சொல்லிக் கொடுத்துவிடுங்கள். கடற்கரை ஊர்களில் 2004 சுனாமியும், 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயலும் ஆட்களை எடுத்துக்கொண்டு போன வீடுகள் நிறைய, கடலுக்குப் போய் உடல்கூடக் கிடைக்காதவர்களும் உண்டு. அவர்களாகப் பேசினால் கேளுங்கள், வேடிக்கைக் கேள்வி வேண்டாம்.

சாப்பாட்டை “வேண்டாம்” என்று ஒரே சொல்லில் மறுக்காதீர்கள். ஒரு நாளில் நாலு வீடு என்றால் எந்த வீட்டில் சாப்பாடு என்பதை முந்தின நாளே போனில் சொல்லிவிடுங்கள், மற்ற வீடுகளில் கட்டஞ்சாயா (பால் இல்லாத டீ) போதும். மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் வைக்கும் வீட்டில் கேட்டு இன்னொரு கரண்டி வாங்குங்கள், அதைவிடப் பெரிய மரியாதை கிடையாது. சர்க்கரை இருந்தால் வெளிப்படையாகச் சொல்லுங்கள், புரிந்துகொள்வார்கள். கல்யாணப் பந்தியில் ரசத்தோடு எழுந்துவிடாதீர்கள், பாயசம் வரும், அதற்குப் பிறகு மோர் வரும். பக்கத்து இலைக்காரர்கள் முடிக்கும்வரை பொறுங்கள்.

மாவட்டத்தின் கிழக்கே தோவாளைப் பக்கப் பேச்சும் மேற்கே விளவங்கோட்டுப் பக்கப் பேச்சும் ஒன்றல்ல. மேற்கே போகப்போக மலையாளம் கலக்கும். 1956 நவம்பர் 1 வரை இது திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்த மண், தமிழ்நாட்டோடு சேர 1954-இல் போராடித் துப்பாக்கிச் சூட்டில் செத்தவர்கள் இருக்கிறார்கள். அதனால் “இது என்ன தமிழ்” என்று விளையாட்டுக்குக்கூடக் கேட்காதீர்கள். மதம், கட்சி பற்றிய வாட்சப் விவாதத்தையும் குடும்பக் கூட்டத்துக்குள் கொண்டுவர வேண்டாம். ஒரே தெருவில் மூன்று மதக்காரர்களும் வாழ்கிற மாவட்டம் இது, விருந்து மேசையில் யார் மருமகள், யார் சம்பந்தி என்று உங்களுக்கு முழுசாகத் தெரியாது.

சொத்துப் பேச்சு இருந்தால் அதற்கென்று தனி நாள் வையுங்கள். கல்யாணத்துக்கு முந்தின ராத்திரி எல்லாரும் கூடியிருக்கிறார்களே என்று ஆரம்பித்து வருஷக்கணக்கில் பேச்சுவார்த்தை நின்றுபோன குடும்பங்கள் உண்டு. அக்கா தங்கைகளையும் உட்கார வைத்து, பத்திரங்களை மேசைமேல் வைத்து, ஆபீஸ் வேலை இல்லாத ஒரு பகலில் பேசுங்கள். ஊரிலேயே இருந்து வரி கட்டி, வேலி பார்த்து, அப்பா அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போன தம்பிக்கு நன்றி சொன்ன பிறகே பங்கைப் பற்றி வாய் திறக்க வேண்டும்.

கடைசி இரண்டு நாளில் வேலை வைத்துக்கொள்ளாதீர்கள், விடைபெறப் போக வேண்டிய வீடுகள் அத்தனை இருக்கும். திருவனந்தபுரம் விமான நிலையம் நாகர்கோவிலிலிருந்து சுமார் 70 கிலோமீட்டர்தான், ஆனால் ரோட்டில் நெரிசல் அதிகம், நேரத்தைத் தாராளமாக வையுங்கள். டீமுக்குக் கொடுக்க நேந்திரங்காய் வற்றல் பாக்கெட்டும் முந்திரிக்கொத்தும் வாங்குங்கள். ஆஸ்திரேலியா போகிறவர்கள் சாப்பாட்டுப் பொருள் எதுவானாலும் இறங்கும்போது படிவத்தில் எழுதிக் காட்ட வேண்டும்.