காவிரி மகசீரைத் தூண்டிலில் பிடித்து உயிரோடு விடும் முறை

மகசீர் என்பது ஆறுகளில் வாழும் பெரிய கெண்டை வகை மீன். அதைப் பிடிக்கப் போகுமுன், முதலில் இடத்தை உறுதி செய்துகொள்ள வேண்டும். ஒரு காலத்தில் தூண்டில்காரர்கள் தேடிச் சென்ற, கர்நாடகத்திலுள்ள பீமேஸ்வரி, காவிரி வனவிலங்கு சரணாலயப் பகுதியில் உள்ளது. சரணாலயத்திற்குள் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தை மீறித் தூண்டில் போடக் கூடாது. வெளியே உள்ள நீர்ப்பரப்பிலும் உரிய அனுமதி தேவை.

எதிர்முள் (நுனியருகே பின்னோக்கி நீட்டியிருக்கும் சிறு கூர்) இல்லாத ஒற்றைத் தூண்டில்முள்ளையும், மீனை விரைவில் கரைக்குக் கொண்டுவரக்கூடிய வலுவான தூண்டில் நரம்பையும் பயன்படுத்துங்கள். மெல்லிய நரம்பில் நெடுநேரம் போராட வைப்பதைச் சிலர் திறமையாகக் கருதுகிறார்கள். ஆனால் அப்படிக் களைத்துப்போன மீன், விடுவித்த பின்னும் இறந்துவிடக்கூடும். கோடையில் நீர் சூடேறி உயிர்வளி குறைந்திருக்கும்போது தூண்டிலையே எடுக்காமலிருப்பது நல்லது.

மீனைத் தண்ணீரிலேயே வைத்து, நனைத்த கைகளால் பிடித்து, குறடால் முள்ளைக் கழற்றுங்கள். உலர்ந்த கை அதன் வழவழப்புப் படலத்தை உரித்துவிடும். செவுளுக்குள் விரல் விடாதீர்கள். படம் எடுப்பதென்றால் சில நொடிகள் போதும். பிறகு தலையை நீரோட்டத்தை நோக்கிப் பிடித்திருந்து, அது தானாகத் திமிறி நீந்தும்போது விடுங்கள்.

இனத்தைக் குறித்துவைப்பதும் அவசியம். காவிரிக்கே உரிய திமில் மகசீர் 2018இல் மிகவும் அருகிய இனமாக அறிவிக்கப்பட்டது; மீன்வளத்தைப் பெருக்கும் நோக்கில் வெளியிலிருந்து கொண்டுவந்து விடப்பட்ட நீலத்துடுப்பு மகசீரே இப்போது அதிகம் சிக்குகிறது. ஆகவே, வேறிடத்து மீன்குஞ்சுகளை ஆற்றில் விடாதீர்கள்.