பழைய ஸ்டீரியோ கேமராவிலும் அடாப்டரிலும் முப்பரிமாணப் படம் எடுக்கும் முறை

வலக்கண்ணும் இடக்கண்ணும் ஒரே காட்சியைச் சற்றே வேறுபட்ட கோணங்களில் பார்ப்பதால்தான் ஆழம் புலப்படுகிறது என்பதை சார்லஸ் வீட்ஸ்டன் 1838இல் விளக்கினார். அந்த இரு கோணங்களையும் ஒரே நேரத்தில் பதிவு செய்வதே ஸ்டீரியோ கேமராவின் வேலை.

முதலில் அடாப்டரில் பழகுவது நல்லது என்பது என் கருத்து. லென்ஸின் முன்னால் திருகிப் பொருத்தும் இக்கருவியில் உள்ள நான்கு கண்ணாடிகள், ஒரே சட்டகத்தின் இடப்பாதியில் இடக்கண் காட்சியையும் வலப்பாதியில் வலக்கண் காட்சியையும் விழச் செய்கின்றன. முழுச்சட்டகக் கேமராவானால் (35 மி.மீ. ஃபிலிம் சட்டகத்தின் அளவுள்ளது) 50 மி.மீ. லென்ஸ் பொருத்தமானது, அகலக்கோண லென்ஸில் ஓரங்கள் இருண்டுவிடும். லென்ஸில் ஒளி நுழையும் துளையைச் சற்றுச் சிறிதாக்கினால் இரு பாதிகளையும் பிரிக்கும் நடுக்கோடு தெளிவாக விழும். படங்கள் ஒடுக்கமாக, நெட்டையாகவே கிடைக்கும் என்பதால் மரம், தூண், நிற்கும் மனிதர் போன்றவற்றைத் தேர்ந்தெடுங்கள்.

அடுத்து, இரட்டை லென்ஸ் கேமரா. 1947 முதல் 1971 வரை விற்பனையான ஸ்டீரியோ ரியலிஸ்ட், சாதாரண 35 மி.மீ. ஃபிலிமையே ஏற்கும். வாங்கும் முன் பின்கதவைத் திறந்து, குறைந்த வேகத்தில் ஷட்டரை இயக்கி, இரு லென்ஸ்களின் ஷட்டர்களும் ஒன்றாகத் திறந்து ஒன்றாக மூடுகின்றனவா என்று வெளிச்சத்துக்கு எதிரே பாருங்கள். ஒன்று பின்தங்கினால் அந்தப் பக்கத்துப் படத்தின் வெளிச்சம் மாறிவிடும். அசையும் பொருள்களும் இரு படங்களிலும் ஒத்துப்போகாது. இந்தச் சோதனையை ஒருபோதும் தவிர்க்காதீர்கள்.

படமெடுக்கும்போது இரண்டு விதிகள் முக்கியம். கேமரா சாயாமல் கிடைமட்டமாக இருக்க வேண்டும். சாய்ந்தால் ஒரு படம் மேலும் மற்றது கீழுமாகி, பார்ப்பவரின் கண்கள் வலிக்கும். பின்னணி வெகுதூரத்தில் இருந்தால், மிக அருகிலுள்ள பொருள் லென்ஸ்களின் இடைவெளியைப்போல் குறைந்தது முப்பது மடங்கு தள்ளியிருக்க வேண்டும். ரியலிஸ்டின் இடைவெளி ஏறத்தாழ 7 செ.மீ. என்பதால் அது 2 மீட்டருக்குச் சற்று அதிகமாகும். அந்த எல்லைக்கு அப்பால் முன்னணியில் ஒன்று, நடுவில் ஒன்று, தொலைவில் ஒன்று எனப் பொருள்கள் அமைந்தால்தான் ஆழம் உயிர்பெறும். தொலைமலை மட்டும் உள்ள காட்சி தட்டையாகவே தெரியும்.

ஃபிலிமைக் கழுவக் கொடுக்கும்போது வெட்டாமல் தரச் சொல்லுங்கள். ரியலிஸ்டில் ஒரு ஜோடியின் இரு படங்களுக்கு நடுவே முந்தைய ஜோடியின் படம் ஒன்றும் அடுத்த ஜோடியின் படம் ஒன்றும் விழுந்திருக்கும். வழக்கமான அளவில் வெட்டினால் பல படங்கள் பாழாகும்.

பிறகு ஜோடிகளைப் பிரித்து, இடப்படத்தை இடப்புறமும் வலப்படத்தை வலப்புறமும் வைத்து ஸ்டீரியோ வ்யூவரில் (ஒவ்வொரு கண்ணுக்கும் அதற்குரிய படத்தை மட்டும் காட்டும் கருவி) பாருங்கள். அருகிலுள்ளது தொலைவிலும் தொலைவிலுள்ளது அருகிலும் தோன்றினால் படங்கள் இடம் மாறியுள்ளன; இரண்டையும் மாற்றி வையுங்கள்.