தேடுதலும் மீட்பும்: யாழ்ப்பாண இளையோர் பயிற்சியை எங்கிருந்து தொடங்குவது?

பொலிஸ், தீயணைப்பு, 1990 அம்புலன்ஸ் சேவை போன்ற வேலைகளை எண்ணியிருக்கும் உயர்தர மாணவர்களுக்கும், சனசமூக நிலையம் அல்லது விளையாட்டுக் கழகம் ஊடாகத் தொண்டாற்ற விரும்புவோருக்கும் இதை எழுதுகிறேன். 2004 ஆழிப்பேரலை வடமராட்சி கிழக்கைத் தாக்கியபோதும், 2008 நவம்பரில் நிஷா புயலின் வெள்ளம் குடாநாட்டின் தாழ்நிலங்களை மூடியபோதும், முதலில் ஓடிவந்தவர்கள் அயலவர்களே. பயிற்சியில்லாமல் ஓடுபவர் தாமே மீட்கப்பட வேண்டியவராகிவிடக்கூடும் என்பதால், கீழுள்ள ஒழுங்கு தன்னைக் காத்துக்கொள்வதிலிருந்தே தொடங்குகிறது.

முதற்படி முதலுதவி. செஞ்சிலுவைச் சங்கமும் சென் ஜோன் அம்புலன்ஸும் நடத்தும் வகுப்புகளில் ஒன்றில் சேர்ந்து சான்றிதழ் பெறுங்கள். 18 வயதுக்குட்பட்டவர்கள் பெற்றோரின் எழுத்துமூலச் சம்மதத்துடன் செல்வது நல்லது. மார்பை நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, 5 முதல் 6 சென்ரிமீற்றர் ஆழத்துக்கு அழுத்தி, 30 அழுத்தங்களுக்கு 2 மூச்சு ஊத வேண்டும் என்பதைப் படித்து அறிவது வேறு, பொம்மையின் மீது 2 நிமிடம் அழுத்திக் கை சோர்வது வேறு. நீரில் மூழ்கியவருக்கு முதலில் மூச்சு ஊதிய பின்பே அழுத்தத் தொடங்குவார்கள் என்பதையும் அங்கேயே செய்து பழகுங்கள்.

அடுத்தது கயிறு. ஏறத்தாழ 15 மீற்றர் நைலோன் கயிற்றின் ஒரு நுனியில், சிறிதளவு தண்ணீர் விட்டு மூடிய 5 லீற்றர் வெற்றுக் கானைக் கட்டி, விளையாட்டு மைதானத்தில் நிற்கும் நண்பரின் தோளைத் தாண்டி விழுமாறு எறியுங்கள். கயிறு அவர் கைக்கெட்டியதும், எறிந்தவர் தரையில் அமர்ந்தோ படுத்தோ இழுக்க வேண்டும். நின்றபடி இழுத்தால் அவரும் தண்ணீருக்குள் போய்விடுவார். பத்தில் எட்டு எறிதல் சரியாக விழும் வரை கேணிக்கரைக்கோ கடற்கரைக்கோ போக வேண்டாம். முடிச்சுகளைப் புத்தகத்தில் தேடுவதைவிட, கரையில் வலை கட்டும் ஒருவரிடம் பணிவாகக் கேட்டால் ஒரு மாலையில் பழகிவிடலாம்.

கிணற்றைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் நம்மூரில் ஆபத்து பெரும்பாலும் வளவுக்குள்ளேயே இருக்கிறது. கிணற்றுக்குள் இறக்கி இயக்கிய நீரிறைக்கும் இயந்திரத்தின் புகையில் காபன் மொனொக்சைட் இருக்கும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. மெழுகுதிரியை இறக்கிப் பார்க்கும் பழைய வழக்கம் இந்த வாயுவைக் காட்டிக்கொடுக்காது. ஆகவே, உள்ளே மயங்கிக் கிடப்பவர் சொந்தத் தம்பியே ஆனாலும் எவரும் இறங்கக் கூடாது. இயந்திரத்தை மேலிருந்தே நிறுத்த முடிந்தால் நிறுத்துங்கள், அவர் நினைவோடு இருந்தால் கயிற்றை இறக்கிப் பற்றச் சொல்லுங்கள், அதேவேளை தீயணைப்புப் பிரிவையும் 1990 ஐயும் அழையுங்கள்.

இனித் தேடுதல். ஒரு பனங்கூடலில் பழைய உடுப்பு, செருப்பு, தொப்பி என 10 பொருட்களை ஒருவர் ஒளித்துவைக்க, எட்டுப் பேர் பக்கத்திலுள்ளவரைக் காணக்கூடிய இடைவெளியில் ஒரே வரிசையாக நடக்க வேண்டும். ஓரத்தில் செல்பவர் வழிநெடுகத் துணித்துண்டு கட்டிச் சென்றால், திரும்பி வரும்போது எந்த நிலம் பார்க்கப்பட்டது என்பது தெரியும். ஐம்பது அடிக்கொரு முறை நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டு, ஒரு நிமிடம் முழுவதும் பேசாமல் கேளுங்கள். புதியவர்கள் பொறுமையிழப்பது இந்த நிமிடத்தில்தான், பதில் கிடைப்பதும் இதில்தான். முன்னால் மட்டும் பார்க்காதீர்கள், வடலியின் மறுபக்கத்தில் கிடப்பவர் திரும்பிப் பார்த்தால்தான் தென்படுவார். பத்தில் ஆறு பொருட்களே கிடைத்திருந்தால் அதை அப்படியே எழுதிவையுங்கள். "அங்கே பார்த்தாயிற்று, இல்லை" என்று உண்மைத் தேடுதலில் சொல்லும் வார்த்தையை எவ்வளவு நம்பலாம் என்பதை அந்த எண்ணிக்கையே காட்டும்.

கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகை உள்ள காணியிலும், முகமாலைப் பக்கத்தில் மக்கள் நடமாட்டமில்லாத பற்றைகளிலும் பயிற்சி வேண்டாம். ஐயத்துக்குரிய பொருளைக் கண்டால் தொடாமல், வந்த அடிச்சுவட்டிலேயே திரும்பி, பொலிஸ் அவசர இலக்கமான 119 க்கு அறிவியுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117.

வேலைவாய்ப்பைப் பொறுத்தவரை, வெள்ளிக்கிழமைதோறும் வெளியாகும் வர்த்தமானியைப் பார்க்கும் பழக்கம் வேண்டும். அதைவிட முக்கியமாக நான் கருதுவது சிங்களத்தை. பெரிய மீட்புப் பணியில் கடற்படையினரோடும் பொலிஸாரோடும் சேர்ந்து நிற்கும்போது, "கயிற்றை விடு", "நிறுத்து", "இன்னொருவர் உள்ளே இருக்கிறார்" என்பவற்றை இரு மொழியிலும் சொல்லக்கூடிய இளைஞர் மிகவும் தேவைப்படுவார்.

இவை அனைத்துக்கும் ஒரு கொப்பி போதும். திகதி, மணித்தியாலங்கள், செய்த வேலை, விட்ட பிழை ஆகியவற்றை எழுதிப் பயிற்றுநரிடம் கையொப்பம் பெற்றுக்கொண்டால், நேர்முகத் தேர்வில் காட்டுவதற்கு ஒரு சான்று இருக்கும். ஒவ்வொரு பயிற்சி நாளின் பக்கத்திலும் எத்தனை பேர் உள்ளே போனார்கள், எத்தனை பேர் வெளியே வந்தார்கள் என்ற இரு எண்களை எழுதுங்கள். அவை ஒன்றாகும் வரை எவரும் வீட்டுக்குப் போகக் கூடாது.